பத்தொன்பதாவது வால்வு

பார்க்க வருகிறவர்களைக் கப்பலுக்குள் கூட்டிப்போகும் கடைசிச் சுற்றுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. யாரும் வராமல் போனால் நல்லது என்று சூசை மச்சாது நினைத்துக்கொண்டிருந்தார். சம்பளம் வாங்குகிறவன் நினைக்கக்கூடிய நினைப்பு அல்ல அது, ஆனால் நினைப்புக்கு யார் பூட்டுப் போட முடியும். வலது முழங்கால் காலையிலிருந்தே மக்கர் பண்ணியது. ஒரு நாளைக்கு நாலு சுற்று, சுற்றுக்கு இரண்டு ஏணி, நடுவில் ஒரு மண்டியிடல். திங்கள் விடுமுறை போக வாரத்துக்கு இருபத்து நாலு மண்டியிடல். இப்படிப் பதினோரு வருடம். கோயிலில்கூட அவர் அத்தனை தடவை மண்டியிட்டதில்லை. கடற்கரைச் சாலையை ஒட்டி, மணலில் நாலு சிமெண்டு மேடைகளின் மேல் நீர்மூழ்கி படுத்திருந்தது. அதன் பெயர் ஆழி ஒன்று. ஆழி இரண்டு என்று ஒன்று வரவே இல்லை. கடலடியில் மூன்று நாள் அசையாமல் உட்கார்ந்து, மனிதன் இல்லாதபோது சிப்பியும் பாசியும் மீனும் என்ன செய்கின்றன என்று பார்க்க முடியுமா என்ற பரிசோதனைக்காக ஓர் ஆராய்ச்சி நிலையம் கட்டிய ஒரே ஒரு கப்பல். எழுபத்து மூன்று தடவை முழுகியது, எழுபத்து நாலாவது தடவை முழுகவில்லை. தூத்துக்குடிக்காரர்கள் இப்போது அதைத் தகரச் சுறா என்கிறார்கள், தகரச் சுறாவுக்குப் பக்கத்துக் கடையில் சுண்டல் நன்றாயிருக்கும் என்கிறார்கள். வருடத்துக்கு ஒரு தடவை துருவுக்கு மேல் பெயிண்ட் அடிக்கிறார்கள், ஆறு மாதத்தில் பெயிண்டுக்கு மேல் துரு வந்துவிடுகிறது, இதில் யார் யாரைப் பாதுகாக்கிறார்கள் என்று சூசைக்கு விளங்கியதே இல்லை. அவருக்கு வயது அறுபது. முதலில் உள்ளே வேலைக்காரராக, இப்போது சுற்றிக் காட்டுகிறவராக, இந்த இரும்போடு முப்பத்து மூன்று வருடம். படுத்து எழுந்தால் போய்விடுகிற அலுப்பாக இருந்தால் படுத்திருப்பார். இது காலையில் சட்டையை மாட்டும்போதே கூட வந்து மாட்டிக்கொள்கிற அலுப்பு.

ஜெயராணி வாசலில் பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டிருந்தாள். டிக்கெட் கொடுப்பதுதான் அவள் வேலை, ஆனால் மழைத் தண்ணீர் தேங்கி ஈ மொய்த்தால் அவள்தான் தூவ வேண்டும், வேறு நாதி கிடையாது. தூவாதே என்று சூசை எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். ஏன் என்று அவள் கேட்டபோதெல்லாம் வாயை மூடிக்கொண்டார். மூக்கின் உச்சியில் ஏறி அங்கேயே சம்மணம் போட்டு உட்காருகிற வாசம். அதைப் பிடித்துக்கொண்டு மனசு எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும், அதனால் வேறு பக்கம் இழுத்தார். ராத்திரிக்குச் சாளை வாங்கலாம். சாளை இப்போது நல்ல கொழுப்போடு வருகிறது. பெண்டாட்டிக்குச் சாளை ஆகாது, கை அரிக்கும், அப்படியானால் ஊளி வாங்கலாம். ஊளி, கடலடியில் கப்பலின் மூன்று வட்டக் கண்ணாடிக்கு முன்னால் கூட்டமாக வந்து நிற்கும், விஞ்ஞானிகள் சிறுபிள்ளைகளைப்போல் நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்ப்பார்கள், அவர்களுக்குப் பின்னால் மூத்த வேலைக்காரர் சுயம்பு அண்ணாச்சி கையில் அட்டையோடு நின்று, போதும் போதும், வேலையைப் பாருங்க என்பார். பார்த்தாயா, ஊளியைப் பிடித்துக்கொண்டும் அங்கேயே வந்தாயிற்று. சுற்றிச் சுற்றிச் செக்குமாடு செக்கடிக்குத்தான். பேட்டரி அமிலத்தில் கடல் தண்ணீர் கலந்தால் இதே வாசம்தான் வரும், இதைப்போல் நூறு பங்கு வரும். அப்போதுதான் இருமல் கேட்டது.

இரண்டு சின்ன இருமல், ஓர் இழுப்பு, பிறகு அடியிலிருந்து வாளி இழுக்கிற மாதிரி ஒன்று. முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இந்த இருமலை முப்பத்தொரு வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று மூன்று நாள் கேட்டவர் சூசை. உள்ளே போகாமல், கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டவர். திரும்பினார். டிக்கெட் வரிசையில், ஒரு குடும்பத்துக்கும் இரண்டு கல்லூரிப் பெண்களுக்கும் பின்னால், சுயம்புலிங்கம் நின்றார். ஆள் பாதியாகியிருந்தார். அந்த அகன்ற தோள் எங்கே போனது, சட்டை மட்டும் பழைய அளவில் இருந்தது. தடித்த கண்ணாடி. பக்கத்தில் ஒரு பெண்மணி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், மனைவியாகத்தான் இருக்கும், தங்கக்கனி என்று பெயர் சொல்வார், கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருந்தார், சூசை போய்ப் பந்தியில் இரண்டு தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். சூசையின் கை தானாக நெஞ்சுக்குப் போய், பெயர் எழுதிய வில்லையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டது. செய்த பிறகுதான் செய்தது தெரிந்தது. கேவலமாக இருந்தது. ஆனாலும் திரும்ப எடுத்துக் குத்திக்கொள்ளவில்லை.

ஐந்து பேருக்குக் குறைந்தால் சுற்றுக் கிடையாது என்பது விதி. எண்ணினார். ஒன்பது பேர். முழங்கால் சரியில்லை, நீ கூட்டிப்போ என்று ஜெயராணியிடம் கேட்டுப்பார்த்தார். தான் ஏணியில் இறங்கிவிட்டால் கவுண்டரைச் சுண்டல்காரரா பார்ப்பார் என்று அவள் திருப்பிக் கேட்டாள். நியாயம்தான். அண்ணாச்சிக்குத் தன்னை அடையாளம் தெரியாது என்று சூசை தனக்குச் சொல்லிக்கொண்டார். அப்போது தலை நிறைய முடி, இப்போது வழுக்கை. அப்போது ஒல்லி, இப்போது தொந்தி. கண்ணாடியைப் பார்த்தால் அவருக்குக் கண்ணும் அவ்வளவாகத் தெரியாது போலிருக்கிறது. தெரிந்தால்தான் என்ன, சட்டையைப் பிடிப்பாரா, இந்த வயசில். பிடித்தாலும் பரவாயில்லையே, பிடித்து ஓர் அறை விட்டால் முடிந்துபோகுமே, என்றும் ஒரு நினைப்பு குறுக்கே ஓடியது. ஒரு தடவை அந்த அறையை வாங்கவே உடன்குடிக்குப் பஸ் ஏறியிருக்கிறார். வேலை போனபின் அண்ணாச்சி மாமனாரின் கருப்பட்டிக் கடையில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அரைக் கிலோ மக்ரூன் வாங்கிக்கொண்டு போனார். பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு டீ குடித்தார், கடை எங்கே என்று விசாரித்தார், டீக்கடைக்காரர் கையைக் காட்டினார், காட்டிய திசையைச் சற்று நேரம் பார்த்தார், அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பினார். மக்ரூனை வீட்டில் எல்லாரும் சாப்பிட்டார்கள். அவர் தொடவில்லை. தொடாமல் இருந்ததைப் பெரிய தவமாகச் சில வருடம் நினைத்துக்கொண்டிருந்ததும் உண்டு.

மணி நாலு. முன் ஏணியில் அவர்தான் முதலில் இறங்க வேண்டும். இறங்கினார். உள்ளே வெயில் ஏறிய இரும்பின் சூடு, பழைய டீசல், கறுத்த ரப்பர். அந்த ஒன்பது பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். சுயம்புலிங்கம் கடைசியில் இறங்கினார், ஆனால் அவர் இறங்கிய விதமே வேறு. மற்றவர்கள் முகத்தை வெளியே காட்டிக்கொண்டு தடுமாறி இறங்க, அவர் ஏணியைப் பார்த்துத் திரும்பி, கம்பியின் பக்கவாட்டைப் பிடித்து, காலால் தேடாமல் இறங்கினார். உடம்புக்கு மறதி கிடையாது. சூசை வழக்கமான பேச்சைத் தொடங்கினார். நீளம் இருபத்தாறு மீட்டர், ஆறு பேர் வேலைக்காரர்கள், இரண்டு விஞ்ஞானிகள், ஒரு கக்கூஸ். கக்கூஸ் என்றதும் சிரிப்பார்கள், சிரித்தார்கள். இந்தப் பேச்சை அவர் நாக்குக் கற்றுக்கொண்டு எத்தனையோ காலம் ஆகிறது, இப்போது அவர் தேவையில்லை, நாக்கைத் தட்டிவிட்டால் அதுபாட்டுக்குப் போகும், அவர் பின்னால் உட்கார்ந்து வேறு எதையாவது நினைத்துக்கொண்டிருக்கலாம். அந்த நாக்கை நம்பித்தானே எல்லாம் ஆனது. அந்த எழுபத்து மூன்றாவது முழுக்கு அன்றைக்கும் அப்படித்தான். இரண்டு நாள் தூக்கமில்லாமல் பேட்டரி ஏற்றியிருந்தார்கள். முழுகுவதற்கு முன் முப்பத்திரண்டு வால்வையும் சரிபார்க்க வேண்டும், அதற்கு இரண்டு பேர். ஒருவர் அட்டையைப் பார்த்து நம்பரைக் கூப்பிடுவார். மற்றவன் அந்த வால்வில் கை வைத்து, திருகி, அடைந்துவிட்டதென்று கையில் தெரிந்தபின் அடைச்சாச்சு என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் படிக்கிறவர் பென்சிலால் கோடு போடுவார். படிக்கிறவர் கண் அட்டையில், தொடுகிறவன் கண் வால்வில், ஒருவனை ஒருவன் நம்பினால்தான் கப்பல் முழுகும். கை வைக்காமல் வாயைத் திறக்காதே என்பது சுயம்பு அண்ணாச்சியின் வேதவாக்கு. முணுமுணுத்தால் விடமாட்டார், காதுல விழல, சத்தமா சொல்லு என்று திரும்பச் சொல்ல வைப்பார்.

முன் அறையில் எல்லாரும் வட்டக் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார்கள். வெளியே மணலும் சுண்டல் வண்டியும் தெரிந்தன. சுயம்புலிங்கமும் ஒரு கண்ணாடிக்கு நெற்றியைக் கொடுத்து நின்றார், என்ன தெரிந்ததோ. தங்கக்கனி சூசையின் பக்கம் நகர்ந்து வந்தாள். இவளுக்கு நம்மைத் தெரியாது, பந்தியில் பாயசம் குடித்தவனை எந்தக் கல்யாணப் பெண் நினைவு வைத்திருப்பாள். அவள் ரகசியம் பேசுகிற குரலில், இதில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்தவர் என்றாள். அப்படியா என்றார் சூசை. அப்படியா என்று சொன்ன நாக்கை அறுத்து எறியலாம் போலிருந்தது.

"நெஞ்சு ரொம்ப மோசமாயிட்டு. டாக்டரு இனி பஸ்ஸுல அலையக் கூடாதுன்னுட்டாரு. அதான் அதுக்கு முந்தி ஒருக்காக் கூட்டியாந்தேன்," என்றாள். "அவுக தூக்கத்துல நம்பர் சொல்லுவாக சார். ஒண்ணு, ரெண்டுன்னு வரிசையா. பத்தொம்பது வந்ததும் நின்னுரும். காதக் குடுத்துக் கேட்டுக்கிட்டே கெடப்பாக. பொறவு எந்திச்சு உக்காந்துருவாக."

சூசை ஏதோ குழாயைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"மொதல்ல எல்லாம், நான் கூப்பிட்டேன், கூப்பிட்டேன்னு சொல்லிக்கிட்டே இருப்பாக. இப்ப ரெண்டு வருசமா, நான் கூப்பிட்டேனா தங்கம்னு என்கிட்டயே கேக்காக. நான் என்னத்தக் கண்டேன், வீட்டுல கெடந்தவ."

இது சூசைக்குத் தெரியாத செய்தி. முப்பத்தொரு வருடமாக அவர் தன்னைப் பற்றி எத்தனையோ விதமாக நினைத்திருக்கிறார், பொய்யன், கோழை, யூதாஸ், ஏதோ ஒரு நிமிடம் சறுக்கியவன். எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் ஆறுதல் இருந்தது: அண்ணாச்சிக்கு உண்மை தெரியும். ஊர் நம்பாவிட்டாலும் அவருக்குத் தெரியும், கூப்பிட்டவர் அவர்தானே. வேலையை எடுத்தோம், பெயரை எடுத்தோம், அதையாவது விட்டுவைத்தோம் என்று இருந்தார். இப்போது பார்த்தால் அதையும் எடுத்தாயிற்று. ஒரு மனுசனுக்குத் தன் வாய் பேசியதா இல்லையா என்றே தெரியாமல் பண்ணியாயிற்று. அடுத்த அறைக்குப் போகலாம் வாங்க, தலையைப் பார்த்துக் குனிஞ்சு வாங்க, என்று அவர் நாக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. தூங்குகிற தட்டுகளைக் காட்டியது. சமையல் மேடையைக் காட்டியது. பத்தொன்பது மற்ற வால்வுகளைப்போல் நெஞ்சுக்கு நேராக இல்லை. பேட்டரி அறைக்குப் போகும் கழிவுநீர்க் குழாயில், இரண்டு தடித்த குழாய்களுக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில் இருந்தது. மண்டியிட்டு, தோள்வரை கையை உள்ளே விட வேண்டும். அன்றைக்கு மண்டியிடவில்லை. அவ்வளவுதான். அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை, கெட்ட எண்ணம் இல்லை, கால் அசந்திருந்தது. எழுபத்திரண்டு தடவையும் அது அடைத்துத்தான் இருந்தது, எழுபத்து மூன்றாவது தடவை மட்டும் என்ன ஆகிவிடும். பத்தொன்பது என்று அண்ணாச்சி கூப்பிட்டார். அடைச்சாச்சு என்று நாக்குச் சொல்லிவிட்டது. நன்றாக, சத்தமாக, காதில் விழும்படி. பேட்டரியைக் கழுவிய எவனோ அதைக் கால்வாசி திறந்து விட்டிருந்தான்.

நாற்பது மீட்டரில், அது வழியாகக் கடல் தண்ணீர் பேட்டரிக்குள் இறங்கி, வாசம் வந்தது. பச்சை நிறத்தில் கண்ணுக்குத் தெரிந்தது என்று பிறகு ஒருவர் சொன்னார், சூசைக்கு நிறம் நினைவில்லை, கண்ணைத் திறக்கவே முடியவில்லை. ஈரத் துணியை முகத்தில் கட்டிக்கொண்டு அந்த வாயுவுக்குள் தவழ்ந்து போய் வால்வை அடைத்தவர் சுயம்பு அண்ணாச்சி. கப்பல் மேலே வந்தது, எட்டுப் பேரும் உயிரோடு வந்தார்கள், அவருடைய நுரையீரல் மட்டும் முழுசாக வரவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே விசாரணை வைத்தார்கள். ஒரு நீள மேசை, மூன்று அதிகாரிகள், டீ, மூடி போட்ட தண்ணீர் டம்ளர். சூசைக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை, கோயிலில் கல்யாணத்துக்கு மூன்றாம் ஓலை வாசித்தாகிவிட்டது. பத்தொன்பதை அவர் கூப்பிட்டாரா என்று நடுவில் இருந்தவர் கேட்டார். ஒரே ஒரு கேள்வி. அந்த மனிதர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். இல்ல சார் என்றது நாக்கு. அதோடு நின்றதா, இல்லை. பதினெட்டுக்குப் பொறவு நேரா இருபதுன்னாரு சார் என்று ஒரு பூவேலையும் சேர்த்தது. அந்தப் பூவேலைதான் எடுபட்டது. அட்டையில் பத்தொன்பதுக்கு நேரே இருந்த கோட்டைக் கூப்பிடாமலே போட்ட கோடு என்று எழுதிக்கொண்டார்கள். மற்ற அறைகளில் இருந்தவர்களுக்குக் காற்றாடி இரைச்சலில் எதுவும் கேட்டிருக்கவில்லை. நான் கூப்பிட்டேன், பதில் வந்தது என்று அண்ணாச்சி ஆஸ்பத்திரியிலிருந்து எழுதிக் கொடுத்த காகிதத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு தவக்காலத்திலும் சூசை பாவசங்கீர்த்தனம் செய்வார். பொய் சொன்னேன் சாமி, பல தடவை என்பார். சாமியாரும் பல தடவை என்றால் எத்தனை, என்ன பொய் என்று குடைய மாட்டார், வெளியே பெரிய வரிசை நிற்கும், மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லு என்பார். எவ்வளவு மலிவு.

வால்வு அறை வந்துவிட்டது. இங்கேதான் அவர் தினமும் ஒரு கூத்து நடத்துவார். வந்தவர்களில் யாராவது ஒருவரிடம் பிளாஸ்டிக் உறை போட்ட அட்டையைக் கொடுத்து நம்பர் கூப்பிடச் சொல்வார், இவர் ஒவ்வொன்றாகக் கை வைத்து அடைச்சாச்சு என்பார். யாரும் அவரை இதைச் செய்யச் சொல்லவில்லை, அவரே சேர்த்துக்கொண்டது. சனங்களுக்குப் பிடித்துப் போயிற்று. பத்தொன்பதுக்கு மண்டியிட்டு, தோள்வரை கையை விட்டு, திருகிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார், ஒரு தடவைகூடத் தப்பியதில்லை, முழங்கால் தேய்ந்தது அப்படித்தான். இன்றைக்கு அதை விட்டுவிடலாம். நேரமாயிற்று என்று சொல்லிப் பின் ஏணிக்குக் கூட்டிப்போய்விடலாம். சுவரில் அட்டை கொக்கியில் தொங்கியது. அதற்கு மேல் தகவல் பலகை. இந்தப் பலகையை மட்டும் தாண்டிவிட்டால் போதும் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, அவருடைய நாக்கு, பதினோரு வருடப் பழக்கத்தில், பலகையில் எழுதியிருந்ததைச் சொல்லிவிட்டது. ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால் எழுபத்து மூன்றாவது முழுக்கே கடைசி முழுக்காக ஆனது.

சொன்னது சூசையின் காதில் விழுந்தது. அந்த மனிதரை நிற்க வைத்து, முகத்துக்கு நேரே. முதல் தடவை தூக்கக் கலக்கம், இரண்டாம் தடவை பயம், மூன்றாம் தடவைக்கு என்ன பெயர் வைப்பது. கல்லூரிப் பெண்கள் பலகையைப் படம் எடுத்தார்கள். தங்கக்கனி புருசனைப் பார்த்தாள். சுயம்புலிங்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார், கொக்கியைப் பார்க்காமலே கையை உயர்த்தி அட்டையை எடுத்தார், அதோடு கட்டியிருந்த பென்சிலை விரலிடுக்கில் வைத்துக்கொண்டார், கண்ணாடியை மேலே தள்ளினார். படிக்கிறவர் நிற்கும் இடத்தில், இரண்டு கம்பிகளுக்கு நடுவில், முதுகைச் சாய்த்து நின்றார். இருமல் வந்தது. அது அடங்கும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள்.

"ஒண்ணு," என்றார்.

சூசையின் கை எழுந்து ஒன்றாம் வால்வின் மேல் போய் உட்கார்ந்தது. அவர் அதை அனுப்பவில்லை. திருகியது, நின்றது, அடைச்சாச்சு என்றார். ரெண்டு. அடைச்சாச்சு. அண்ணாச்சியின் குரல் கிழிந்து போயிருந்தது, ஆனால் நம்பருக்கு நம்பர் விடும் இடைவெளி அப்படியே இருந்தது, ஒரு மூச்சு, அதில் பாதி. இவர்களுக்கு நடுவில் முப்பத்தொரு வருடம் இல்லாததுபோல் கை போய்க்கொண்டேயிருந்தது. ஏழு. எட்டு. யாரோ ஒரு குழந்தை தானும் சேர்ந்து அடைச்சாச்சு என்று கத்த, அதன் அம்மா அதட்டினாள். பதினொன்று. இவருக்குத் தெரிந்துவிட்டதா, தெரியாதா. தெரிந்திருந்தால் இப்படி அமைதியாகக் கூப்பிடுவாரா. தெரியாவிட்டால் எதற்குக் கூப்பிடுகிறார். தன்னால் பத்தொன்பதைச் சொல்ல முடிகிறதா என்று பார்க்க வந்திருக்கிறாரா. பதினாலு. பேசாமல் மண்டியிட்டு, கையை விட்டு, அடைச்சாச்சு என்று சொல்லிவிடலாம், இது வெறும் கூத்துத்தானே, வால்வும் அடைத்துத்தான் இருக்கிறது, அது பொய்யும் ஆகாது. அவர் போய்விடுவார். இனி பஸ்ஸில் அலைய மாட்டார், திரும்ப வரமாட்டார், கொஞ்ச காலத்தில் எல்லாம் முடிந்துவிடும், யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது என்ற நினைப்பு வந்ததும்தான் சூசைக்குப் பயம் வந்தது, இதுவரை வந்ததிலேயே பெரிய பயம். பதினேழு, அடைச்சாச்சு. பதினெட்டு, அடைச்சாச்சு.

"பத்தொம்பது."

முழங்கால் தானாக மடங்கத் தொடங்கியது. சூசை குழாயைப் பிடித்துக்கொண்டு அதை நிறுத்தினார். அன்றைக்கு நின்ற இடத்திலேயே, நின்றபடியே நின்றார். வெளியே சுண்டல்காரர் கரண்டியால் சட்டியைத் தட்டுவது கேட்டது. சுயம்புலிங்கம் அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல், காதை மட்டும் இந்தப் பக்கம் கொடுத்து நின்றார். தங்கக்கனி சொன்னது இதைத்தான் என்று சூசைக்கு விளங்கியது, ராத்திரியெல்லாம் படுக்கையில் இப்படித்தான் கிடந்திருக்கிறார். நாக்கு அடைச்சாச்சு என்று சொல்லத் தயாராக இருந்தது. சூசை அதைப் பிடித்து வைத்துக்கொண்டார். பிறகு, கை வைக்கல என்றார். அது உதட்டைத் தாண்டி வந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

சுயம்புலிங்கம் அட்டையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"காதுல விழல," என்றார். "சத்தமா சொல்லுல, சூசை."

அப்படியானால் வரிசையில் நின்றபோதே அவருக்குத் தெரியும். பைக்குள் கிடந்த வில்லை தொடையில் குத்திக்கொண்டிருந்தது. சூசை மூச்சை இழுத்தார், இரும்பும் டீசலும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்து உள்ளே போயின.

"நீங்க கூப்பிட்டீய அண்ணாச்சி. பத்தொம்பதுன்னு நீங்க கூப்பிட்டீய. நான் கை வைக்காம அடைச்சாச்சுன்னு சொன்னேன். அதுக்குப் பொறவு, நீங்க கூப்பிடவே இல்லன்னும் சொன்னேன்."

இரும்பு அறைக்குள் அது இரண்டு தடவை கேட்டது. இதுவும் கூத்தில் சேர்த்தி என்று நினைத்து அந்தக் குழந்தை கை தட்டியது. தங்கக்கனி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சுயம்புலிங்கம் சூசையைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அட்டைக்குத் திரும்பினார். பத்தொன்பதுக்கு நேரே கோடு போடவில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, பென்சிலை அடுத்த வரிக்கு இறக்கினார்.

"இருபது," என்றார்.